பூனைமீசை சொல்லும் வரலாறு



நம் சுங்கை பினாங் வீட்டு வாசல் தொட்டியிலும் சரி, தோட்டத்து லயத்து வேலியோரத்திலும் சரி, ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பூவிலிருந்து நீண்ட இழைகள் பூனையின் மீசை போல நீட்டிக்கொண்டிருக்கும். மலாய்க்காரர் இதை 'மிசாய் கூச்சிங்' என்பர். நமக்கு அது பூனைமீசை. "இந்தத் தழையைக் கொதிக்க வச்சுக் குடி, கொழுப்பு கரையும், ஈரலுக்கும் நல்லது, மாத்திரையே வேணாம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. இதில் எவ்வளவு உண்மை? வரலாற்றையே கேட்போம்.

1936-ஆம் ஆண்டு. அங்கேரி நாட்டின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி என்னும் அறிஞர் ஒரு புதுமையைக் கண்டார். நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும் நோய்க்குத் தூய வைட்டமின் சி பலன் தரவில்லை. ஆனால் எலுமிச்சை, மிளகாய்ச் சாறுகள் பலன் தந்தன. அவற்றிலுள்ள மஞ்சள் நிறப் பொருளே காரணம் என்று கருதி, அதைப் புதிய வைட்டமின் என்றார். மஞ்சள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே 'பிளேவனாய்டு' என்னும் பெயர். அடுத்த ஆண்டே, 1937-இல், அவர் நோபல் பரிசும் பெற்றார்.

நோபல் பரிசு பெற்றவர் சொல்லாயிற்றே என்று யாரும் சோதனையை நிறுத்திவிடவில்லை. மற்றவர்கள் சோதித்தபோது அது வைட்டமின் என்பது உறுதிப்படவில்லை. 1950-இல் அமெரிக்க அறிஞர் குழு அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. ஆயினும் ஆராய்ச்சி ஓயவில்லை.

1993-இல் நெதர்லாந்தின் சுட்பென் நகரத்து முதியவர்கள் 805 பேரின் ஆய்வு வெளிவந்தது. தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாகப் பிளேவனாய்டு அதிகம் பெற்றவர்களிடையே மாரடைப்பு மரணம், குறைவாகப் பெற்றவர்களிடம் இருந்ததில் பாதிக்கும் கீழே இருந்தது. உலகமே மகிழ்ந்தது. ஆனால் 1997-இல் வேல்ஸ் நாட்டு ஆண்களிடம் செய்த ஆய்வில் அந்த நன்மை தென்படவில்லை! அவர்கள் தேநீரில் பால் கலந்து குடிப்பவர்கள். பால்தான் காரணமா, அவர்களின் வாழ்க்கை முறையா என்ற கேள்வி எழுந்தது. தே தாரிக் பிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் தேடல் நடந்தது. கேரளத்தில் அகஸ்டி முதலிய ஆய்வாளர்கள் ஆலம்பட்டையின் பிளேவனாய்டுகளைக் கொழுப்பேறிய எலிகளுக்குக் கொடுத்து, கொலஸ்ட்ரால் குறைந்ததை 2003-இல் வெளியிட்டனர். நம் வீட்டுக்கு வெகு அருகில், கெலுகோரில், 1969-இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறதல்லவா? அங்கே பூனைமீசையின் சாற்றை ஆராய்ந்தனர். ஈரலைக் கெடுக்கும் இரசாயனம் கொடுக்கப்பட்ட எலிகளின் ஈரலை அச்சாறு ஓரளவு காத்தது என்பதை 2007-இல் வெளியிட்டனர். நம் வேலியோரச் செடிக்குக் கிடைத்த மரியாதை அது!

ஆனால் நன்றாக நினைவில் வையுங்கள்: இவ்விரண்டும் எலிகள், மனிதர் அல்லர். பாட்டி சொன்னதைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம். எலிக்குப் பலித்தது நமக்கும் அப்படியே பலிக்கும் என்று மாத்திரையைக் குப்பையில் போடவும் வேண்டாம். பூனைமீசை சிறுநீரைப் பெருக்கும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர், சிறுநீரகக் கோளாறு உள்ளோர், "தழைத்தண்ணி குடிக்கிறேன் டாக்டர்" என்று கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரால் ஏறினால் உடம்பு முன்கூட்டிச் சொல்லாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். வெங்காயமும் முருங்கைக்கீரையும் தட்டில் தாராளமாக இருக்கட்டும். எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புப் பாலும் குறையட்டும்.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே எழுதினார். அதில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. அளவறிந்து உண்பதையும், நோயின் காரணத்தை ஆராய்ந்து வைத்தியம் செய்வதையுமே சொன்னார்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கும் உங்கள் கைகளில் நாளை ஒரு சோதனைக்குழாய் இருக்கலாம். பாட்டியின் செடியை மறவாதீர்கள். அதைவிட, "இது மெய்தானா?" என்று கேட்கும் பழக்கத்தை மறவாதீர்கள்.