சபையில் எழுந்த கேள்வி

"புராணம் அத்தனையும் புளுகாகவே இருக்கட்டும், தம்பி! இன்றைய வாழ்வுக்கு ஒரு பாடம்கூடவா அதில் கிடைக்காது?" பொம்மிடி இரயில் நிலையத்தில் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி, ஏளனத்தால் தள்ளிவிடலாகாது. பாரதத்தில் நல்லதொரு கேள்வி உண்டு, தோழர்களே! விடைதான் அங்கே இல்லை.

தருமபுரி வட்டாரத்துச் சிற்றூர்களில் பாரதக் கூத்து நடக்கும் இரவுகளை எண்ணிப் பாருங்கள். துகிலுரியும் கட்டம். திரௌபதை வேடம் புனைந்தவர் (அவரும் ஆண்மகன்தான்!) சபை நடுவே நின்று கேட்கிறார்: தன்னையே தோற்றுவிட்ட தருமனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? அறத்தின் நுட்பம் அறிதற்கரியது என்று நழுவுகிறார் பீஷ்மர். வாய் திறக்கவில்லை துரோணர். விகர்ணன் ஒருவன் வாதாடுகிறான். அவனையும் கர்ணன் அடக்கிவிடுகிறான். பிறகு? சேலை வருகிறது! விடை கேட்டவளுக்குக் கிடைத்தது சேலை!

தாய்மார் கண்ணீர் உகுக்கின்றனர். இறுதி நாளில் படுகளத்தில் மண்ணாலான துரியோதனனின் தொடை பிளக்கப்படுகிறது, கூந்தல் முடிக்கப்படுகிறது, ஊர் கலைகிறது. கேள்வியோ களத்திலேயே கிடக்கிறது.

அதைக் கையிலெடுத்தது, 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு. பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்களித்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையையோ மகனுக்கே விட்டுவைத்தது. அதையும் மகளுக்கு, அதுவும் அதற்குமுன் மணமாகாத மகளுக்கு, வழங்கியது 1989 இல் கலைஞர் ஆட்சி. இந்தியா முழுமைக்கும் அது வந்தது 2005 இல்.

இடைக்காலத்தில் இம்மண்ணில் நடந்தது என்ன? திரௌபதைக்குத் தீ மிதித்த வட்டாரத்திலே பெண் சிசுக்கள் கொல்லப்பட்டன! 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 1965 வரை அம்மாவட்டத்தோடு இணைந்திருந்த தருமபுரிக்கும் 2001 இல் வரவேண்டியதாயிற்று. அம்மனாக வந்தால் கோயில். மகளாக வந்தால் கள்ளிப்பால்!

வகுப்பிலே பாரதம் சொல்வதை நான் விட்டுவிடவில்லை. சேலை வருமுன்பே கதையை நிறுத்திவிடுவேன். "பீஷ்மருக்குப் பதிலாக நீங்கள் விடை கூறுங்கள்" என்பேன். சென்ற ஆண்டு ஒரு சிறுமி எழுந்தாள். விடை கூறவில்லை.

"ஐயா, எங்கள் நிலத்தின் பட்டாவில் அம்மா பெயர் இல்லையே, ஏன்?" என்றாள்.