குங்கிலியம் ஓவியத்தில் ஏறிய கதை

மாலையில் தணலில் தூவினால் வீடெல்லாம் மணக்குமே குங்கிலியம், அதற்கு உறவுக்கார மரங்கள் சுமத்ராவில் உண்டு. அவற்றின் பிசின்தான் டாமர். மலாய்க்காரர்கள் அதைப் பந்தத்தில் எரித்தார்கள், அதைக்கொண்டு படகின் இடுக்குகளை அடைத்தார்கள். ஐரோப்பிய ஓவியங்களின் மேல் வார்னிஷாக, அதாவது காப்புப் பூச்சாக, அதை ஏற்றிவிட்டவர் ஒரு மருந்துக்கடைக்காரர்.

அதற்கு முன் ஓவியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோபல் என்னும் பிசினை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் கல்லாக இறுகிவிடும். பிற்காலத்தில் சுரண்டப்போனால் ஓவியமும் கூடவே வந்துவிடும். கிரேக்கத்தின் கியோஸ் தீவிலிருந்து வந்த மாஸ்டிக் பிசினைத் துடைத்தெடுக்கலாம், ஆனால் சீக்கிரமே மஞ்சள் தட்டும். ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த லூக்கானஸ், 1829இல் இந்த வேலைக்கு டாமரைப் பரிந்துரைத்தார். மாஸ்டிக் அளவுக்கு அது மஞ்சளாகவில்லை. ஓவியர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

செய்வதும் எளிது. பிசின் கட்டிகளை மெல்லிய துணியில் முடிந்து, டர்பன்டைன் ஊற்றிய ஜாடிக்குள் தொங்கவிட வேண்டியதுதான். அடுப்பே வேண்டாம். ஓரிரு நாளில் பிசின் கரைந்து இறங்கிவிடும். மரப்பட்டைத் தூளும் பூச்சிச் சிறகும் முடிச்சிலேயே தங்கும். எண்ணெய் வண்ணம் உள்ளே நன்றாகக் காய ஆறு மாதம், ஒரு வருடம் பொறுத்துப் பூசினால், காய்ந்து வெளுத்துப்போன அம்பர் என்னும் பழுப்பு வண்ணம் மறுபடி ஆழம் பெறும். தூசியும் புகையும் வார்னிஷோடு நின்றுவிடும், வண்ணத்தைத் தொடாது.

வார்னிஷின் பளபளப்பே பிடிக்காதவர்களும் வந்தார்கள். 1880இல் ஷாபோன்வால் ஊரின் நிலக்காட்சியை வரைந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் பிசாரோ, இதற்கு வார்னிஷ் அடிக்காதீர்கள் என்று அதன் பின்புறத்திலேயே எழுதிவைத்தார். இம்ப்ரெஷனிஸ்டுகள் பலருக்கு வேண்டியிருந்தது சுண்ணாம்புச் சுவர்போல வெளிச்சத்தை மங்கலாகத் திருப்பும் பரப்பு. பிற்பாடு அந்த ஓவியங்கள் கைக்கு வந்த வியாபாரிகளில் சிலர் வார்னிஷ் பூசிப் பளபளக்க வைத்துத்தான் விற்றார்கள். அது அநியாயம்.

டாமரும் சிரஞ்சீவி அல்ல. வெளிச்சமும் ஆக்சிஜனும் பட்டு, சில பத்தாண்டுகளில் அதுவும் மஞ்சளாகிறது. பழையதாக ஆக அதைக் கரைக்க வீரியம் கூடிய கரைப்பான் வேண்டும். ஓவியத்துக்கு ஆபத்தும் கூடுகிறது. 20ஆம் நூற்றாண்டில் செயற்கைப் பிசின்கள் வந்து அருங்காட்சியகங்களில் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன.

பூசலாமா வேண்டாமா என்று கேட்டால், வழவழப்பாக, அடர்நிறத்தில் வரைந்த எண்ணெய் ஓவியத்துக்குப் பூசலாம் என்பேன், பின்னால் எடுக்கக்கூடிய வார்னிஷாக இருந்தால். மங்கலான பரப்பே வேண்டுமென்று வரைந்ததற்கு வேண்டாம். கண்ணாடிச் சட்டம் போதும்.

சுமத்ராவின் க்ருய் பகுதியில் டாமர் மரங்களை இன்றும் தோப்பாக வளர்க்கிறார்கள். இடுப்பில் பிரம்புப் பட்டை கட்டி ஏறி, மரத்தில் முக்கோணக் குழி வெட்டி, வடிந்து உறைந்த பிசினைப் பெயர்த்தெடுக்கிறார்கள். அதில் பெரும்பங்கு போவது பெயின்ட், மை தொழிற்சாலைகளுக்கு.