தண்டுவட நீரழுத்தக் குறைவுத் தலைவலி

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீர் கசிந்து குறைவதால் வரும் தலைவலி. எழுந்து உட்கார்ந்தாலோ நின்றாலோ வலி கூடும், படுத்தால் தணியும். கழுத்து இறுக்கம், குமட்டல், காது இரைச்சல் ஆகியவையும் சேரலாம்.

காரணங்கள்: சிசேரியன் போன்ற அறுவைகளுக்கு முதுகில் போடும் மயக்க ஊசி, பரிசோதனைக்காகத் தண்டுவட நீர் எடுத்தல், காயம். தண்டுவட மயக்கமுறையை 1898இல் கையாண்ட ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பீர், தம் உடலிலேயே அதைச் சோதித்து இத்தலைவலிக்கு ஆளானார். தண்டுவட உறை தானாகக் கிழிந்து வருவதும் உண்டு. இவ்வகையை 1938இல் கியோர்க் ஷால்டன்பிராண்ட் விவரித்தார்.

கண் நரம்பு: பெரியவர்களுக்கு மூளை, தண்டுவட நீர் சுமார் 150 மி.லி. இருக்கும். அது குறைந்தால் மூளை தாங்கலின்றிக் கீழிறங்கி நரம்புகளை இழுக்கும். பெரும்பாலும் பாதிக்கப்படுவது, கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் மூளை நரம்பு. அதனால் தூரத்தில் வரும் ஒரு பேருந்து பக்கவாட்டில் இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும்.

சிகிச்சை: ஓய்வு, நீராகாரம், கஃபீன். தீராவிட்டால், நோயாளியின் கையில் எடுத்த 15–20 மி.லி. ரத்தத்தைத் தண்டுவட உறைக்கு வெளியே செலுத்திக் கசிவை அடைப்பர். தலைவலி விரைவில் தணிந்தாலும் இரட்டைப் பார்வை நீங்கச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். முதுகில் ஊசி போடும்போது பென்சில் முனை கொண்ட மெல்லிய ஊசிகளைப் பயன்படுத்துவது இத்தலைவலி வரும் வாய்ப்பைக் குறைக்கிறது.