கனகவீர அடிகள் வந்த மலை

கழுகுமலையின் பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருமேனிகள் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றன. அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் அருகே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களுள் ஒன்று, திருநறுங்கொண்டைப் பலதேவக் குரவடிகளின் மாணாக்கர் கனகவீர அடிகள் என்பதாகும்.

திருநறுங்கொண்டை தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு அறிமுகம் வேண்டாத தலம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அண்மையில், குன்றின்மேல் அப்பாண்டைநாதர் எழுந்தருளியிருக்கும் அத்தலத்தில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. அங்கிருந்து கழுகுமலை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. திகம்பரத் துறவி ஊர்தி ஏறுவதில்லை. மயிற்பீலியும் கமண்டலமும் கையில் ஏந்தி, அடிவைக்கும் இடத்தில் சிற்றுயிர் உண்டோ எனப் பார்த்துப் பார்த்தே நடப்பவர். ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு நடந்து வந்தவரின் பெயரைத்தான் அப்பாறை இன்றும் காத்து நிற்கிறது.

இன்று திண்டிவனம், வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் பகுதிகளிலிருந்து தென்பாண்டி மலைகளுக்கு யாத்திரை புறப்படும் குடும்பங்கள் புதிய வழி ஒன்றைக் காணவில்லை. முன்னோர் நடந்த பழைய வழியிலேயே திரும்பிச் செல்கின்றன. மூன்று, நான்கு நாள் நீளும் அந்த யாத்திரைக்கு உடலும் உணவும் ஆயத்தமாக வேண்டும். அவற்றினும் முதன்மையாக ஆயத்தமாக வேண்டியது, மலை சொல்வதைப் படிக்கும் கண்.

காலம் தேர்தல்

மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்குதல் துறவியர் நோன்பு. முளைக்கும் புல்லும் ஊரும் சிற்றுயிரும் காலடியில் மடியலாகாது என்பதே அதன் கருத்து. மதுரையைச் சூழ்ந்த மலைகளில் காணப்படும் கற்படுக்கைகள் அந்நோன்பு வாழ்க்கையை நினைவூட்டுகின்றன. குகைத் தளத்தைச் செதுக்கிச் சமப்படுத்தி, தலைமாட்டில் சற்றே உயர்த்தி அமைத்த படுக்கைகள் அவை. மேலிருந்து வழியும் மழைநீர் உட்புகாதவாறு குகை முகப்பில் காடி வெட்டியிருப்பர். மாங்குளம் போன்ற இடங்களில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன.

இல்லறத்தார்க்கும் இவ்வொழுங்கு பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை வழுக்கும். பங்குனி முதல் கரிசல் நிலத்தின் வெம்மை தாங்கற்கரியது; முற்பகல் பத்து மணிக்கே வெறுங்கால் பாறையில் நில்லாது. எனவே மார்கழியின் பிற்பகுதியும் தை, மாசி மாதங்களும் ஏற்ற காலம். நாள்தோறும் விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுதல் நன்று. காலைச் சாய்வொளியில்தான் எழுத்தின் வெட்டு நிழல் பெற்றுத் தெளிவாகத் தோன்றும் என்பது மற்றொரு பயன்.

முதல் நாள்: சமணர்மலை

யாத்திரையை மதுரைக்கு மேற்கேயுள்ள கீழக்குயில்குடியில் தொடங்குதல் முறை. அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் உள்ளன. மலையின் ஒருபுறம் செட்டிப்புடவு. குகை வாயிலருகே பேருருவாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர் மக்கள் செட்டியார் என அழைத்ததால் வந்த பெயர் அது. குகையின் உட்புறம் மேற்பகுதியில் ஐந்து புடைப்புச் சிற்பங்கள்; மூன்று தீர்த்தங்கரர், இரு இயக்கியர். சிங்கத்தின்மீது அமர்ந்து, யானைமீது வரும் வீரனை எதிர்க்கும் இயக்கியின் வடிவம் காண்போரை நெடுநேரம் நிறுத்தும்.

மறுபுறம் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே எட்டுத் திருமேனிகள் வரிசையாக உள்ளன. பார்சுவநாதரையும் பாகுபலியையும் சிறுவர்கூட அடையாளம் காண்பர். அவ்வரிசையில் ஒரு திருமேனியைச் செய்வித்தவர் குணமதியார். பாண்டி நாட்டு மலைகள் பலவற்றில் திருமேனிகள் செய்வித்த அச்சணந்தி முனிவரின் தாயார் அவர். துறந்த மகனுடைய தாய் என்ற உறவையும் கல்லில் எழுதி வைத்த உள்ளம், ஆகமம் படித்தவர்க்கும் படியாதவர்க்கும் ஒருங்கே விளங்கும். இன்னும் மேலேறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்னும் கற்றளியின் அடித்தளம் எஞ்சியிருக்கிறது. உச்சியில் கன்னடக் கல்வெட்டு ஒன்று, பெளகொளத்து மூலசங்கத் துறவியரைக் குறிப்பிடுகிறது. அந்தப் பெளகொளமே இன்றைய சிரவணபெளகொளம்.

இரண்டாம் நாள்: குறண்டி

செட்டிப்புடவுக் கல்வெட்டு வெண்பு நாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் ஆசிரிய மரபைச் சொல்கிறது. கனகநந்திப் படாரர், அவர் மாணாக்கர் அபினந்தனப் படாரர் என அம்மரபு தொடர்கிறது. அக்குறண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. பாண்டி நாட்டுச் சமணக் கல்விக்கு நிலைக்களனாய் விளங்கிய திருக்காட்டாம்பள்ளி இன்று அங்கு நிற்கவில்லை. அதற்கு அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள், திருச்சுழிக்கு அண்மையிலுள்ள பள்ளிமடம் சிவன் கோயிலின் கற்களில் காணப்படுகின்றன. பள்ளி மறைந்தும் அந்த ஊர்ப்பெயரில் பள்ளி என்னும் சொல் நிலைத்துவிட்டது.

இந்நாளில் ஏறுதற்கு மலை இல்லை; காண்பதற்குச் சிற்பமும் மிகுதியாக இல்லை. ஆதலால் வழிகாட்டிகள் பலர் இவ்வூர்களை விட்டுவிடுகின்றனர். அது தவறு. சமணர்மலையில் பெயர் எழுதியோர் கற்ற இடத்தைக் காணாமல் அவர்கள் பொறித்த மலையை மட்டும் கண்டு திரும்புவது, ஏட்டின் நடுவே ஓர் ஓலையை உருவி விடுவதற்கு ஒப்பாகும்.

மாலையில் அருப்புக்கோட்டை வழியாகச் சாத்தூரை அடைந்து தங்கலாம். வைப்பாற்றங்கரையில், மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும் அமைந்த ஊர். கழுகுமலைக்கு வைகறையில் புறப்பட வசதியானது. சுற்றிலும் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் நடக்கும் பூமி. நாடெங்கும் தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசு இங்கு உருவாகிறது. அதே தீபாவளியை வர்த்தமான மகாவீரர் முத்தியடைந்த நாளாக விளக்கேற்றிப் போற்றுவோர் அவ்வழியே அமைதியாகக் கடந்து செல்கின்றனர்.

உணவும் நீரும்

பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நோன்பு யாத்திரையில் தளரக்கூடாது. தை மாதத்தில் மாலை ஆறு மணியளவில் கதிரவன் மறைந்துவிடும். ஆகவே தங்கும் ஊரை ஐந்து மணிக்குள் அடையுமாறு பயணத்தை வகுத்தல் வேண்டும். அவல், பொரி, பொட்டுக்கடலை மாவு, வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவு ஆகியவை கெடாதவை, சுமக்க எளியவை. குடிநீரை வடிகட்ட இரட்டை மடிப்புத் துணி ஒன்று ஒவ்வொரு குடும்பத்திடமும் இருக்கட்டும். சாத்தூர் என்றதும் காராசேவு நினைவுக்கு வரும். பூண்டு இட்டுச் செய்வதே பெருவழக்கு. நோன்புடையோர் கேட்டறிந்து வாங்குதல் நலம்.

முதியோர் ஒரு மாதம் முன்னரே நாள்தோறும் படியேறிப் பழகுவது முழங்காலுக்கு உதவும். பாறையில் பிடிப்புடைய காலணி வேண்டும். திருமேனிகளின் முன்னர் அதைக் கழற்றிவிட எளிதாக இருத்தலும் வேண்டும். மலைகளில் தேனடைகள் உண்டு. புகை எழுப்புதல், உரத்துக் கூவுதல், நறுமணத் தைலம் பூசிச் செல்லுதல் ஆகியவை தேனீக்களுக்கும் இடர், செல்வோர்க்கும் இடர்.

மூன்றாம் நாள்: கழுகுமலை

சாத்தூருக்குத் தெற்கே கோவில்பட்டி; அங்கிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் அளவில் கழுகுமலை. அரைமலை என்பது கல்வெட்டு வழங்கும் பெயர், ஊர் திருநெச்சுரம். அடிவாரத்தில் முருகன் குடைவரைக் கோயில், மேலே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து முற்றுப்பெறாமல் நின்ற வெட்டுவான் கோயில், அப்பால் சமணத் திருமேனிகள் என ஒரே மலையில் பாண்டியர் காலச் சமயங்கள் அருகருகே உள்ளன.

திருமேனிகளின் முன் நின்றதும் கண் அலையும். பார்சுவநாதருக்குத் தரணேந்திரன் படம் விரித்துக் காப்பது ஓரிடம். கொடி படர நிற்கும் பாகுபலியும் அருகில் தங்கையர் பிராமியும் சுந்தரியும் ஓரிடம். சிங்கத்தோடும் மைந்தரோடும் அம்பிகை ஓரிடம். முக்குடையின் கீழ் அமர்ந்த பெரிய திருமேனிகளைச் சாமரை வீசுவோரும் கந்தருவரும் சூழ்ந்திருப்பர்.

இவற்றைக் கண்டு முடித்தோர் பலர் இறங்கிவிடுகின்றனர். உண்மையில் மலையின் வரலாறு சிறிய திருமேனிகளின் அருகேதான் எழுதப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட வட்டெழுத்துப் பொறிப்புகள் இங்கு உள்ளன. கோட்டாற்றிலிருந்து வந்த அடிகள் உள்ளனர். இன்றைய சிதறாலாகிய திருச்சாரணத்துக் குரத்தியர் உள்ளனர். மிழலூர்க் குரத்தியார் உள்ளார். மாணாக்கர்க்கு நூல் ஓதுவித்த பெண் துறவியர் இத்துணைப் பேரைப் பெயரோடு காட்டும் மலை அரிது. துறவியரோடு வேளாளரும் தச்சரும் குயவரும் திருமேனி செய்வித்தனர். மாறஞ்சடையனின் 3ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சித்தாந்தம் உரைக்கும் குணசாகரப் படாரர் உள்ளிட்ட வைராக்கியர் பதின்மர்க்கு உணவளிக்க விட்ட நிவந்தத்தைச் சொல்கிறது. பாடம் நடந்த பள்ளி இது; அடுப்பு எரிந்த பள்ளி இது.

எழுத்தறிதல்

வட்டெழுத்து முழுவதையும் ஒரு மாதத்தில் கற்க இயலாது, கற்கவும் வேண்டியதில்லை. பொறிப்புகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. மங்கலச் சொல்லாகிய ஸ்ரீ முதலில் வரும். பின் ஊர், ஆசிரியர் பெயர், மாணாக்கர் பெயர். முடிவில், செய்வித்த திருமேனி. இந்த முடிவுச் சொற்களையும் படாரர், அடிகள், குரத்தி, மாணாக்கர் என்னும் நான்கு சொற்களையும் வீட்டிலேயே வட்டெழுத்தில் எழுதிப் பழகினால், பாறையில் அவை தாமே முகம் காட்டும். புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 5ஆம் தொகுதியில் கழுகுமலைப் பாடங்கள் அச்சாகியுள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘சமணமும் தமிழும்’, வெ. வேதாசலத்தின் ‘எண்பெருங்குன்றம்’ ஆகிய நூல்களையும் புறப்படுமுன் குடும்பத்தில் ஒருவரேனும் படித்திருத்தல் நன்று.

செய்யத் தகாதன

பொறிப்பின்மேல் சுண்ணம், மாவு, எண்ணெய் எதையும் தடவலாகாது. திருமேனியின்மேல் கருப்பூரப் புகையும் படியலாகாது. பக்தியால் செய்தாலும் கல் அரிக்கும். சாய்வாக ஒளி காட்டும் ஒரு கைவிளக்கே போதும். தொல்லியல் துறையின் காவலரை வழிகாட்டியாக மதித்தல் வேண்டும். அடிவார மக்கள் தம் தெய்வத்தை வணங்கும் மலை இது என்பதையும் மறத்தல் கூடாது. இத்திருமேனிகள் எஞ்சியிருப்பதில், தலைமுறைகளாக மலையை வணங்கி வந்த அம்மக்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

மலைகளின் பாதுகாப்பு உறுதியானதன்று. மதுரைப் பகுதிக் குன்றுகள் பல கல் வெட்டும் தொழிலால் சிதைந்தன. சமணத் திருமேனியும் தமிழிக் கல்வெட்டும் உடைய அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு உள்ளாயிற்று. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்ததன் பின்னரே, 2025 ஜனவரியில் மைய அரசு அந்த ஏலத்தை விலக்கிக்கொண்டது. யாருடைய பெயர் கல்லில் இருக்கிறதோ, அவர் மரபினர் ஒருமுறையும் வந்து பாராத மலைக்காக ஊர் மக்கள் மட்டுமே என்றும் போராடிக்கொண்டிருக்க இயலுமா என்பது எண்ணத் தக்கது.

மூன்றாம் நாள் முற்பகல், இறங்குமுன், குடும்பத்திலுள்ள சிறுவர் ஒவ்வொருவரும் ஒரு திருமேனியைத் தேர்ந்து, அதைச் செய்வித்தவர் பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படிக்கட்டும். திருநறுங்கொண்டை என்ற ஊர்ப்பெயரை அறிந்த பிள்ளை கனகவீர அடிகளிடம் வந்ததும் தானே நின்றுவிடும். இந்த யாத்திரைக்கு ஒரு மாதம் ஆயத்தம் செய்வது அந்த ஒரு கணத்திற்காகவே.