கயாக்குக்கு முன்னால் வள்ளம்

விடுமுறை வந்தால் எங்கட போன்களில் கயாக் படங்கள்தான். கற்பிட்டிக் களப்பில், பெந்தோட்டை ஆற்றில், மஞ்சள் பிளாஸ்ரிக் ஓடத்துக்குள் இருந்து துடுப்போடு சிரிக்கிற நண்பர்கள். ‘இது வெள்ளைக்காரன்ர விளையாட்டு மச்சான்’ எண்டு நாங்களும் சொல்லியிருக்கிறம். மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், மோதரகம் ஆறு கடலைச் சேரும் பக்கத்தில் இருக்கும் மறிச்சுக்கட்டியைப் பற்றி வாசித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கயாக் முதலில் விளையாட்டே இல்லை. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் சீல் தோல் போர்த்திச் செய்த வேட்டை ஓடம் அது. 1865இல் ஜோன் மக்கிரெகர் என்ற பிரித்தானியர் அதைப் போன்ற சிறு ஓடமொன்றில் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றினார். அடுத்த வருடமே புத்தகம் போட்டார். ஒருவரின் பிழைப்பு இன்னொருவரின் பொழுதுபோக்கானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அதற்குப் பதக்கமும் வந்தது.

எங்கட ஓடங்களின் கதையும் சின்னதில்லை. ‘கட்டுமரம்’ என்ற சொல் 1697இலேயே வில்லியம் டாம்பியரின் ஆங்கிலப் புத்தகத்துக்குள் போய்விட்டது. ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளங்கள் மலையாளக் கரையிலிருந்து இந்தப் பக்கம் வந்தன.

மறிச்சுக்கட்டிக் கரை முத்துக்குப் பேர்போனது. 1905 முத்துக்குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் மேலான சிப்பிகள் எடுக்கப்பட்டன. பருவம் வந்தால் வெறும் மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும்பும். 1906இல் அங்கே வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப்.

அதற்கு முன், 1902இல், சிப்பி ஏன் திடீரெண்டு இல்லாமல் போகுது எண்டு ஆராய ஹேர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னெலும் வந்தார்கள். ஹேர்ட்மன் திரும்பிவிட்டார்; ஹோர்னெல் தங்கினார். சிப்பி பார்க்க வந்தவர் படகுகளிலும் மனதைப் பறிகொடுத்தார். 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதினார். பிறகு ஹடனோடு சேர்ந்து பசிபிக் தீவுகளின் ஓடங்களைப் பற்றி 3 தொகுதிகள். ஓட வரலாறு படிக்கிறவர்கள் இன்றும் அவரிடம்தான் போகிறார்கள்.

ஹோர்னெலின் பெயர் நிலைத்தது. படகு வலித்தவர்களின் பெயர்களை எங்கட பாடப்புத்தகங்களில் நாங்கள் காணவில்லை.

இதைவிடக் கனமான மௌனமும் ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மறிச்சுக்கட்டி மக்களும் ஊரை விட்டுப் போனார்கள். பலருக்குப் புத்தளமே வாழ்விடமானது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது, ‘இது ஊரா, வில்பத்துக் காடா’ என்ற பிரச்சினை காத்திருந்தது. துடுப்புப் பிடிக்கிறது புத்தகத்தால் வாறதில்லை. வாப்பாவின் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு வரவேண்டியது. ஒரு தலைமுறை அந்த ஆற்றையும் கடலையும் காணாமலே வளர்ந்தது. தமிழ் இளைஞர்களான நாங்கள் இதை எங்கட வரலாறாகவும் சொல்லிப் பழக வேண்டும். ‘அது அவையின்ர கதை’ எண்டு கடந்துபோக ஏலாது.

கயாக் ஓடுவம், படமும் எடுப்பம், அதில் பிழையில்லை. ஆனால் கரையில் நிக்கிற பெரியவரிட்ட, ‘உங்கட காலத்தில எந்த வள்ளம், என்ன மரம், ஆத்துவாய் எப்ப திறக்கும்?’ எண்டு கேட்டுப் பதிவுசெய்வம். ஹோர்னெலும் கேட்டுத்தான் எழுதியிருப்பார். நாங்கள், சொன்னவரின்ர பேரையும் சேர்த்து எழுதுவம்.