முதலடி யாருடையது?

அருள் நிறைந்தவர் என்று அன்னை மரியாவை நாம் நாள்தோறும் வாழ்த்துகிறோம். அந்த அருள் நம் முயற்சிக்குக் கிடைக்கும் கூலியா, அல்லது முயற்சிக்கு முன்பே வந்து சேரும் கொடையா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காணத் திருச்சபைக்கு நூறாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியு என்னும் துறவி, மனிதன் தன் சொந்த ஆற்றலாலேயே கட்டளைகளைக் கடைப்பிடித்துப் பாவமின்றி வாழ இயலும் என்று கற்பித்தார். ஒழுக்கத்தில் தளர்ந்தோரைத் தட்டியெழுப்ப அவர் விரும்பினார். ஆனால் பாவத்தின் கட்டு எத்துணை வலியது என்பதைத் தம் வாழ்விலேயே உணர்ந்திருந்த ஹிப்போ ஆயர் புனித அகுஸ்தினார் இதனை மறுத்தார். நல்வழியை அறிவது போதாது. அதில் நடக்கும் வலிமையையும் இறைவனே தரவேண்டும் என்பது அவர் போதனை. 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் பெலாஜியுவின் கொள்கையைக் கண்டித்தனர்.

அத்துடன் சிக்கல் தீரவில்லை. இன்றைய தென் பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த துறவியர் சிலர், அருள் தேவையே. எனினும் விசுவாசத்தின் முதல் விருப்பம் மனிதனிடமிருந்தே பிறக்கலாம் என்றனர். 529ஆம் ஆண்டு ஆர்ல் நகர் ஆயர் புனித செசாரியு தலைமையில் 14 ஆயர்கள் ஓரஞ்சு நகரில் கூடி இதற்கு விடை பகர்ந்தனர். இறைவனைத் தேடும் ஏக்கமே அவர் தந்த கொடை என்றனர். அதேவேளை, அவர் எவரையும் தீமைக்கென முன்குறிப்பதில்லை என்றும், திருமுழுக்குப் பெற்றோர் அருளோடு ஒத்துழைத்து உழைக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினர். ஆயர்களோடு பொதுநிலையினர் சிலரும் அத்தீர்மானங்களில் கையொப்பமிட்டனர் என்பது நாம் மனத்தில் கொள்ளத்தக்கது. 531இல் திருத்தந்தை இரண்டாம் போனிபாஸ் அவற்றை உறுதிப்படுத்தினார். 1547இல் திரிதெந்தின் பொதுச்சங்கமும், மனமாற்றத்தின் தொடக்கம் நம்மை முந்திவரும் அருளே என்று கற்பித்தது.

இது பழங்கால வாதம் மட்டுமன்று. நவநாள்களையும் நேர்த்திக்கடன்களையும் எண்ணிக் கணக்கிட்டு, இறைவன் நமக்குக் கடன்பட்டவர்போல் நாம் நினைப்பதுண்டு. மறுபுறம், ‘முதலில் திருந்திவிட்டு வருகிறேன்’ என்று ஒப்புரவு அருட்சாதனத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவோரும் நம்மிடையே உள்ளனர். இருவரும் முதலடி தம்முடையதென்றே எண்ணுகின்றனர். திருந்த வேண்டும் என்ற எண்ணம் எழுந்துவிட்டதென்றால், அருள் ஏற்கெனவே வந்துவிட்டது. அதற்கு இசைவதே நம் பங்கு.