சிலாங்கூருக்கு எத்தனை எழுத்து?



கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஈஜோக் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். என் தந்தையார் பால்மரம் சீவும் தொழிலாளி. பால் நிறுக்கும் தராசின்மீது ஐயம் எழுந்தால் அவர் சண்டைக்குப் போகமாட்டார். தட்டு வெறுமையாக இருக்கும்போது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பார். பிறகு, உறை பிரிக்காத ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை வைத்துப் பார்ப்பார். விடை முன்னரே தெரிந்த ஒன்றை வைத்தால்தான் தராசு மெய் சொல்கிறதா என்று தெரியும் என்பது அவர் கொள்கை.

கணினி நிரலாக்கத்தில் இதற்கு 'அலகுச் சோதனை' என்று பெயர். ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்றைத் திருப்பித் தரும் சிறு நிரல்துண்டைச் செயற்கூறு என்பர். விடை தெரிந்த உள்ளீட்டைக் கொடுத்து, அந்த விடை வருகிறதா என்று பார்க்கும் இன்னொரு நிரல்துண்டே அலகுச் சோதனை.

இதனை முறைப்படுத்திய வரலாறு சுருக்கமானது. 1994-இல் அமெரிக்க நிரலர் கெண்ட் பெக், ஸ்மால்டாக் மொழிக்கான சோதனைச் சட்டகத்தை விளக்கி எழுதினார். 1997-இல் அவரும் எரிக் காமாவும், சூரிக்கிலிருந்து அட்லாண்டா சென்ற வானூர்தியில் அமர்ந்தபடியே ஜாவா மொழிக்கான 'ஜேயூனிட்'டைத் தொடங்கினர். 2001 ஏப்ரலில் பைத்தான் 2.1 பதிப்புடன் 'யூனிட்டெஸ்ட்' இணைந்து வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது.

2017-இல் கணிமைச் சிந்தனை நம் நாட்டுப் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற பிறகு, நானும் பைத்தான் கற்கத் தொடங்கினேன். சொல்லைத் தட்டச்சு செய்து அதன் எழுத்துகளை எண்ணும் பயிற்சி ஒன்றை மாணவர்களுக்காக எழுதினேன். இங்கேதான் தமிழின் தனித்தன்மை குறுக்கிட்டது. 1991-இல் வெளிவந்த யூனிகோட், உயிர்மெய்யைப் பெரும்பாலும் இரு குறியீடுகளாகவே வைத்துள்ளது. அதனால் 'தமிழ்' என்ற சொல்லுக்குப் பைத்தான் 5 என்று விடை சொல்லும். நமக்கோ 3 எழுத்து.

எனவே, துணைக்கால் முதல் ஔகாரக் குறி வரையுள்ளவற்றை எண்ணாமல் விடும்படி செயற்கூற்றை அமைத்தேன். வீடு, யானை, மாலை ஆகிய சொற்களைச் சோதித்தேன், யாவும் 2. 'சிலாங்கூர்' என்பதற்கு வந்த விடை 7. அதனை எண்ணிப் பார்க்காமலே எதிர்பார்க்கும் விடையாக எழுதிவைத்தேன். எல்லாச் சோதனைகளும் தேறின.

மறுநாள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'அம்மா' என்று தட்டி, 3 என்று விடையளித்தாள். கணினி "தவறு, 4" என்றது. அவள் விரல்விட்டு மீண்டும் எண்ணினாள். பிறகு, தன் ஏட்டில் இருந்த 3-ஐ அழித்துவிட்டு 4 என்று எழுதினாள். அருகில் நின்ற எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. யூனிகோட்டில் ஔகாரக் குறிக்கு அடுத்த இடத்தில் இருப்பது புள்ளி. நான் ஓரிடம் முன்னதாகவே நின்றுவிட்டேன். கையால் எண்ணியிருந்தால், சிலாங்கூருக்கு 5 எழுத்து என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

அதன்பின் நான் கடைப்பிடிப்பவை:

1. செயற்கூற்றை இயக்குவதற்கு முன்பே விடையைக் கையால் எண்ணி எழுதுக. அது தந்த விடையை அதற்கே விடைத்தாளாக்குவது, மாணவனின் ஏட்டைக் கொண்டே அவனுடைய ஏட்டைத் திருத்துவது போன்றது.

2. எல்லைகளைச் சோதிக்க. வெற்றுச் சொல்லுக்கு 0. தனி ஆய்தத்துக்கு 1. 'கொ' என்பதை ஒகரக் குறியாலும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்த்தும் எழுதலாம். இரண்டுக்கும் 1 வரவேண்டும்.

3. ஒரு சோதனை ஒன்றை மட்டும் கேட்கட்டும். தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளையும் தொடர்ந்து எழுதினால் 463 குறியீடுகள் வரும். கூட்டுத்தொகை 247 என்று வந்தால் போதாது. ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுசெய்திருக்கலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே 1 வரவேண்டும்.

4. கண்டுபிடித்த பிழையைத் திருத்துமுன், அதனைச் சோதனையாக எழுதுக. அது முதலில் தோற்க வேண்டும்; திருத்திய பின் தேற வேண்டும். தோற்கவே முடியாத சோதனையால் பயனில்லை.

'எழில்' நிரல்மொழியைப் படைத்த முத்து அண்ணாமலையும் பிற தன்னார்வலர்களும் உருவாக்கிய 'ஓப்பன்-தமிழ்' நிரலகத்தில் எழுத்துகளைப் பிரிக்கும் செயற்கூறும், அதற்கான சோதனைகளும் உள்ளன. அவற்றை எழுத நிரல் அறிவு மட்டும் போதாது. எது ஓர் எழுத்து என்று அறிந்திருக்கவும் வேண்டும். அதனை நாள்தோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டுபவர்கள் நாம்தாம், ஆசிரியர்களே!

என் சோதனைப் பட்டியலின் முதல் வரியில் இன்று இருப்பது 'அம்மா', 3. அந்த மாணவியை அழைத்து, அவள் ஏட்டில் 3-ஐ மீண்டும் எழுதச் சொன்னேன். "அப்படியென்றால் கணினி தப்புச் செய்யுமா, ஐயா?" என்று கேட்டாள். "கணினி அன்று அம்மா, ஐயாதான் தப்புச் செய்தேன்" என்றேன்.